யார் செய்த குற்றம்?

நம் குடும்பங்களில் ஒரு குழந்தை நோயுற்றால், மருந்தைத் தேடுவதற்கு முன்பே குற்றவாளியைத் தேடும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. கருவுற்ற காலத்தில் தாய் எதை உண்டாள், எந்த நேர்த்தியைச் செலுத்த மறந்தாள், எந்த வீட்டு இரத்தம் அவள் உடலில் ஓடுகிறது என்பன போன்ற கேள்விகள் அடுக்களையிலும் திண்ணையிலும் எழுகின்றன. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் ஆண்டவரிடம் இதே ஐயத்தைத்தான் எழுப்பினர். அவர் அவனையும் குறை கூறவில்லை, அவனுடைய பெற்றோரையும் குறை கூறவில்லை. எனினும் அந்தக் கேள்வி நம்மிடையே இன்றும் மறைந்தபாடில்லை.

நாம் வாழும் விருத்தாசலத்தில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பங்குக் குடும்பத்தில் இக்கேள்வி எழுந்ததையும், அதற்கு மருத்துவ அறிவியல் தந்த விடையையும் இங்கே எழுதத் துணிகிறோம். அவர்களின் இசைவு பெற்றே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் தவிர்த்துள்ளோம்.

குடும்பத் தலைவர் பீங்கான் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறையில் அச்சு வார்ப்பவர். அவர் மணந்தது தம் உடன்பிறந்த அக்காள் மகளை. நம் ஊர்ப்பக்கத்தில் இது புதுமையன்று. சொத்து பிரியாது, பெண் அந்நிய வீட்டில் கண்கலங்க வேண்டியதில்லை, பாட்டியே மாமியாராக இருந்து பேர்த்தியைப் பார்த்துக்கொள்வாள் என்று பெரியோர் எண்ணினர். முறைப்படி விதிவிலக்குப் பெற்று, ஓலை வாசித்து, ஆலயத்தில் திருமணம் நடந்தேறியது.

முதற்குழந்தை பெண். பிறந்த சில வாரங்களில் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர். காமாலைக்கு மந்திரிப்பவரிடம் கொண்டு சென்றனர். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்தில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டனர். காமாலை ஒரு வாரம் குறைவதும் மறு வாரம் கூடுவதுமாக இருந்தது. இரண்டு வயது நிறைவதற்குள் அக்குழந்தை இறைவனிடம் சென்றது. இரண்டாவது பிறந்தது ஆண். அவனுக்கு மூன்றாம் மாதத்தில் அதே மஞ்சள் தோன்றியபோது, பாட்டியார் தம் பேர்த்தியைப் பார்த்து, "எங்கள் வம்சத்தில் இந்த நோய் கிடையாதம்மா, உன் அப்பன் வழியில் வந்த வினை இது" என்று கூறியதாகக் கேள்வியுற்றோம். அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு நோய்கள் குடிபுகுந்தன எனலாம்.

பித்தநீர் செல்லும் வழி

அச்சிறுவனை வருத்திய நோயைப் புரிந்துகொள்ளக் கல்லீரலின் பணியைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த ஒருவரின் கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் செரிப்பதற்கும், ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் உடலில் சேர்வதற்கும் இந்நீர் இன்றியமையாதது. கல்லீரலின் ஒவ்வோர் உயிரணுவும் பித்த உப்பைத் தன்னிடமிருந்து வெளியேற்றி, மயிரிழையினும் மெல்லிய வாய்க்கால்களில் சேர்க்கிறது. அவ்வாய்க்கால்கள் ஒன்றுகூடி நாளங்களாகிக் குடலைச் சென்றடைகின்றன.

பச்சிளங்குழந்தைகளுக்கு இவ்வழி இரண்டு இடங்களில் தடைப்படலாம். சில குழந்தைகளுக்குக் கல்லீரலுக்கு வெளியே உள்ள பெரிய நாளமே அழிந்து அடைபட்டுவிடுகிறது. இதனைப் பித்தநாள அடைப்பு என்பர். இது பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருவதன்று. வேறு சிலருக்கு நாளம் திறந்தே இருக்கும். ஆனால் பித்தத்தை வெளியே தள்ளவேண்டிய உயிரணுவின் வாயிலிலேயே கோளாறு இருக்கும். தெருவில் வடிகால் சீராக இருந்தும் வீட்டு நீர் முற்றத்தைத் தாண்டாமல் தேங்குவதற்கு இதனை ஒப்பிடலாம். தேங்கிய பித்த உப்பு கல்லீரலையே அரிக்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் வகையே குடும்ப வழி வரும் பித்தத்தேக்க நோய்.

இந்நோயின் கொடுமை மஞ்சள் நிறத்தில் இல்லை, அரிப்பில் உள்ளது. நாம் அச்சிறுவனைக் கண்டபோது அவனுடைய இரு கைகளிலும் சிறு துணிப்பைகள் கட்டப்பட்டிருந்தன. நகத்தை ஒட்ட வெட்டிய பின்பும் அவன் காதுகளையும் கால்களையும் இரத்தம் வரக் கீறிக்கொள்வானாம். அவன் உறங்கினால்தான் தாய் உறங்க முடியும்; அவனோ உறங்குவதில்லை. உயிர்ச்சத்து கே சேராததால் மூக்கில் இரத்தம் கசிந்தது. உயிர்ச்சத்து டி சேராததால் எலும்புகள் வலுவிழந்திருந்தன. வயதுக்கேற்ற எடையும் இல்லை.

அச்சில் உள்ள பிழை

பெருநகர மருத்துவமனை ஒன்றுக்கு அவர்களோடு நாமும் துணையாகச் சென்றோம். அங்கே குழந்தைகளின் கல்லீரல் நோய்களைக் கவனிக்கும் மருத்துவர் இரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் விடை வந்தது. பித்த உப்பை வெளியேற்றும் புரதத்தை உண்டாக்கவேண்டிய மரபணுவின் இரு படிகளிலும் ஒரே பிழை காணப்பட்டது.

மருத்துவர் விளக்கியதைப் பட்டறைத் தொழிலாளியான தந்தை உடனே புரிந்துகொண்டார். காரணம், அவர் அச்சோடு வாழ்பவர். நம் ஊரில் பொம்மையும் கோப்பையும் வார்ப்போர் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகின்றனர். அச்சில் ஒரு கீறல் இருந்தால், மண் எவ்வளவு நல்லதாயினும், சூளை எவ்வளவு சீராயினும், வெளிவரும் ஒவ்வொரு பொருளிலும் அக்கீறல் இருக்கும். மனித உடலில் அநேகமாக ஒவ்வொரு புரதத்துக்கும் இரண்டு அச்சுகள் உண்டு; ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஒன்று பழுதுற்றாலும் மற்றதைக் கொண்டு உடல் தன் வேலையை நடத்திக்கொள்ளும். அத்தகையவர் நோயாளி அல்லர். தம்மிடம் ஒரு பழுதுற்ற அச்சு இருப்பதை அறியாமலேயே எண்பது வயது வரை வாழ்ந்து மறைவார். இரண்டும் பழுதுற்ற குழந்தைக்கே நோய் தோன்றுகிறது.

இவ்வுண்மையின் முதல் திறவுகோலைத் தந்தவர் ஒரு துறவியார் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். புனித அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் குடியரசில் உள்ள பிர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணிப் பார்த்தார். ஒரு தலைமுறையில் காணாமற்போன சுருங்கிய விதை, அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாக மீண்டும் வருவதைக் கண்டு 1866-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1884-இல் அவர் இறந்தபோதும் உலகம் அதன் பெருமையை உணரவில்லை, 1900-இல்தான் உணர்ந்தது. பழுதுற்ற அச்சைச் சுமக்கும் தாய்தந்தையர்க்கு ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதே நான்கில் ஒன்று. ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவர் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

இந்நோய் முதலில் நன்கு விவரிக்கப்பட்டது அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரிடையே. தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அம்மக்களில், யாக்கோபு பைலர் என்பவரின் வழித்தோன்றல்களிடம் காணப்பட்டதால் 1969-இல் இதற்குப் பைலர் நோய் என்று பெயரிட்டனர். பிறகு 1998-ஆம் ஆண்டையொட்டி இதற்குக் காரணமான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. ஒன்று பழுதுற்றால் உயிரணுவின் மேலுறை ஒழுங்கு குலைகிறது. மற்றொன்று பழுதுற்றால் பித்த உப்பு வெளியேறுவதில்லை. மூன்றாவது பழுதுற்றால் பித்த உப்பின் காரத்தைத் தணிக்கும் கொழுப்புப்பொருள் பித்தத்தில் சேர்வதில்லை. இம்மூன்றாவதில் ஒரு படி மட்டும் பழுதுற்ற பெண்கள் சிலருக்குக் கருவுற்ற காலத்தில் கடும் அரிப்பு தோன்றுவதுண்டு. பின்னர் வேறு சில மரபணுக்களும் இப்பட்டியலில் சேர்ந்தன. மொத்தத்தில் இது அரிய நோய். ஐம்பதாயிரம் முதல் ஒரு இலட்சம் பிறப்புகளில் ஒன்று என மதிப்பிடுகின்றனர்.

பாட்டியார் கேட்ட விடை

மருத்துவர் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். குழந்தையிடமிருந்து இரு கோடுகள் மேலே சென்றன; ஒன்று தந்தைக்கு, மற்றொன்று தாய்க்கு. தாயின் கோடு அவளுடைய அன்னைக்குச் சென்றது. அந்த அன்னையின் கோடும் தந்தையின் கோடும் ஓரிடத்தில் கூடின. அங்கே இருந்தவர்கள் பாட்டியாரும் மறைந்த அவர் கணவரும். பழுதுற்ற அச்சு அவ்விருவரில் ஒருவரிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் இறங்கி, மகள் வழியே பேர்த்திக்குச் சென்று, மீண்டும் ஒரே தொட்டிலில் வந்து சேர்ந்திருக்கிறது. மருமகளின் தந்தை வழிக்கு இதில் பங்கே இல்லை.

பாட்டியார் எழுத்தறியாதவர், ஆயினும் கோடுகளைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. சற்று நேரம் தாளையே பார்த்திருந்தார். பிறகு, "அப்படியானால் என்னால்தானா, ஐயா?" என்று கேட்டார்.

மருத்துவர் நிதானமாக விடை கூறினார்: "அம்மா, உங்களாலா உங்கள் கணவராலா என்று நாங்கள் சோதிக்கப் போவதில்லை, அதனால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பழுதுற்ற மரபணுக்கள் சில உண்டு. எனக்கும் உண்டு. நீங்கள் அறிந்து கொடுத்ததன்று. உங்களுக்கு அறிந்து தந்தவரும் இல்லை."

பாட்டியார் பேர்த்தியின் பக்கம் திரும்பினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. குழந்தையைத் தம் மடியில் வாங்கிக்கொண்டு, "நீ போய் ஏதாவது சாப்பிட்டு வாம்மா, காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாய்" என்று மட்டும் கூறினார். பல மாதங்களுக்குப் பின் அவ்விருவரும் முகம் பார்த்துப் பேசியது அன்றுதான் என்று தந்தை நம்மிடம் பிறகு சொன்னார்.

சிகிச்சைக்கு உள்ள வழிகள்

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பித்தநீரின் ஓட்டத்துக்குத் துணைசெய்யும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை பலருக்குத் தரப்படுகிறது; உயிர்ச்சத்துகளைத் தனியே கொடுக்கின்றனர். பித்தத்தின் ஒரு பகுதியை வேறு வழியில் வெளியேற்றும் அறுவைச் சிகிச்சை சிலருக்கு அரிப்பைத் தணிக்கிறது. சிறுகுடலின் கடைப்பகுதியில் பித்த உப்பு மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் புதிய மருந்து ஒன்றுக்கு 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இசைவளித்தன. அதன் விலையோ மிக அதிகம். இவையெல்லாம் பயன் தராதபோது கல்லீரல் மாற்றமே எஞ்சிய வழி.

அதனைக் கேட்டவுடன் நம் மக்கள் நடுங்குகின்றனர். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியாக முடிந்த முதல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை 1998-ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியில் உள்ள அப்பல்லோ மருத்துவமனையில் நடைபெற்றது. அக்குழந்தை நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி. அப்போது வயது இருபது மாதங்கள். அவனைத் தாக்கியது பித்தநாள அடைப்பு. தந்தை தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அச்சிறுவன் வளர்ந்து, மருத்துவம் பயின்று, மருத்துவரானார். கல்லீரல் மீண்டும் வளரும் இயல்புடையது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அது வளர்ந்து நிறைகிறது. பழுதுற்ற அச்சு ஒன்றை மட்டும் சுமக்கும் தாயோ தந்தையோ, மற்றச் சோதனைகளில் தகுதி பெற்றால், தம் பிள்ளைக்குக் கொடுக்கத் தடையில்லை.

நாம் குறிப்பிட்ட சிறுவனுக்கு மாத்திரைகளால் போதிய பயன் விளையவில்லை. தாயே கொடுத்தாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெருஞ்சுமையைத் தாங்கிற்று. எஞ்சியதைத் தந்தை பட்டறை முன்பணமாகவும், பங்கு மக்கள் தம்மால் இயன்ற உதவியாகவும் ஈடு செய்தனர். சிறுவன் இன்று பள்ளிக்குச் செல்கிறான். வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். கிருமித் தொற்று அணுகாமல் காக்க வேண்டும். ஆயினும் இரவில் உறங்குகிறான்.

உறவுத் திருமணமும் விதிவிலக்கும்

இனிச் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். இந்தியாவிலேயே இரத்த உறவில் திருமணம் மிகுதியாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இங்கே நான்கு திருமணங்களில் ஒன்றுக்கு மேல் இவ்வகையைச் சேர்ந்தது எனக் காட்டிற்று. கத்தோலிக்கக் குடும்பங்கள் இதற்கு விலக்கல்ல.

திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பக்கக் கிளையில் நான்காம் படி வரையுள்ள இரத்த உறவைத் திருமணத் தடையாகவே வைத்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவு நான்காம் படி. தாய்மாமன், அக்காள் மகள் உறவு அதனினும் நெருங்கிய மூன்றாம் படி. தக்க காரணம் இருப்பின் ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம். நம்மில் பலர் இதனை அலுவலகத்தில் நிரப்பித் தரவேண்டிய ஒரு தாளாகவே கருதுகிறோம். தடை என்று ஒன்று இருப்பது சிந்திப்பதற்கு ஓர் அவகாசம் என்பதை மறந்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். பழுதுற்ற அச்சு ஒன்றைச் சுமக்கும் ஒருவர் தம் அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால், அவளும் அதே அச்சைச் சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று. அந்நியரை மணந்தாலோ, இத்தகைய அரிய நோய்களில் அவ்வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதே வேளையில் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும்: உறவில் மணந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றனர், உறவில்லாத பெற்றோர்க்கும் இந்நோயுள்ள குழந்தை பிறப்பதுண்டு. ஆகவே ஏற்கெனவே உறவில் மணந்து வாழ்வோரைப் பழிப்பதற்கு இக்கணக்கைப் பயன்படுத்துவோர் பழைய குற்றத்தேடலையே புதிய உடையில் தொடர்கின்றனர். மணம் பேசும் வீடுகளுக்கே இக்கணக்கு உரியது. குடும்பத்தில் ஒரு குழந்தை இவ்வாறு நோயுற்றிருந்தால், மணம் முடிப்பதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது கடமை என்றே கூறுவோம்.

நாம் கூறிய குடும்பத்தில் இளைய மகனுக்கும் மற்றோர் அக்காள் மகளுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதனை நிறுத்தியவர் பாட்டியாரே. "பெண்ணுக்குக் குறை ஒன்றுமில்லை, எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி பட்டது போதும்" என்று மகளிடம் நேரில் சென்று கூறினார். அம்மகளுக்கு வருத்தம் இருந்தது. சில மாதங்கள் போக்குவரத்தும் குறைந்தது. இன்று இருவருக்கும் வேறு வேறு இடங்களில் மணமாகியுள்ளது.

பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டியவை

பிறந்த குழந்தைக்கு வரும் காமாலை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே நீங்கும். பதினான்கு நாள்களுக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி இரத்தச் சோதனை செய்தே ஆகவேண்டும். மலத்தின் நிறத்தைத் தாயே நாள்தோறும் பார்க்க வேண்டும். நம் பட்டறைகளுக்கு வரும் வெள்ளைக் களிமண்ணைப் போல மலம் வெளுத்திருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்தால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தைவான் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தாய்மார்க்கு மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்று தருகின்றனர். அதைக் கொண்டே பல குழந்தைகளை உரிய காலத்தில் காப்பாற்றியுள்ளனர். பித்தநாள அடைப்பாயின், ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் வகுத்த சிகிச்சை அறுபது நாள்களுக்குள் செய்யப்படுவதே மிகுந்த பயன் தரும். கீழாநெல்லிக்கும் மந்திரிப்பதற்கும் செலவிடும் வாரங்கள் திரும்பி வாரா. கையில் சூடு போடும் கொடுமை எங்கேனும் எஞ்சியிருந்தால் அதனை உடனே நிறுத்துங்கள்.

நேர்த்தியும் செபமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் பேருந்திலேயே மருத்துவமனைக்கும் செல்லலாம். இரண்டையும் ஒரே அன்பே செய்யச் சொல்கிறது.

பங்கில் உள்ள நாம் அனைவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயுற்ற குழந்தையின் வீட்டிற்குச் செல்லும்போது, எந்த வழியில் வந்தது என்று கேளாதிருப்போம். எத்தனை நாளாக உறங்கவில்லை என்று தாயைக் கேட்போம். இன்றிரவு நாம் சற்றுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்போம். அந்த வீட்டில் எவரும் எதிர்பார்க்கும் கேள்வி அதுவே.